பிறர் உதவியின்றி இயக்கக்கூடிய சக்கர நாற்காலித் துணைக்கருவிகள்: வடிவமைப்புக்கான முழுமையான வழிகாட்டி

சக்கர நாற்காலிக்கான மடிமேல் பலகை, நெஞ்சுப்பட்டை, குடைத்தாங்கி, பை, பிரேக் நீட்டிப்பு போன்றவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியை வைத்துத்தான் அவற்றை மதிப்பிடுகிறார்கள்: பொருத்திய பிறகு அது பயன்படுகிறதா? அந்தக் கேள்வி போதாது. பலகையை மாட்டியவர் யார், வேலை முடிந்ததும் கழற்றப்போகிறவர் யார், கழற்றியதை எங்கே வைப்பார், மறுநாள் அதே இடத்திலிருந்து எடுக்கப்போகிறவர் யார் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரே விடையாக இருக்க வேண்டும். மனைவியோ மகனோ வந்து கழற்றும் வரை ஒருவரால் கட்டிலுக்கு மாறவோ கழிப்பறைக்குச் செல்லவோ முடியாது என்றால், அந்தப் பலகை அவரை நாற்காலியோடு சேர்த்துப் பூட்டிவிட்டது என்றே பொருள்.

ஆகவே வடிவமைப்பைக் கழற்றுதலிலிருந்து தொடங்குங்கள். தானே கழற்றி, எட்டும் தொலைவில் வைத்து, மீண்டும் எடுத்து மாட்ட வழி கிடைத்துவிட்டால், பயன்பாடு சார்ந்த மற்றச் சிக்கல்கள் எளிதாகத் தீரும். முதலில் அழகான பலகையைச் செய்துவிட்டு, பிறகு அதைக் கழற்ற வழி தேடினால் அநேகமாக எதுவும் கிடைக்காது. இந்த வழிகாட்டி மடிமேல் பலகையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஏனெனில் துணைக்கருவிகளில் எழும் சிக்கல்கள் அனைத்தும் அதில் ஒருசேர வந்துவிடுகின்றன. இங்கே சொல்லப்படும் வேலைகளை ஒரு சிறிய வெல்டிங் பட்டறையும் ஒரு தச்சரும் இருந்தால் செய்து முடித்துவிடலாம்.

படி 1: ஒரே ஒருவரின் ஒரு நாளைக் கவனியுங்கள்

"மாற்றுத்திறனாளிகளுக்காக" என்று பொதுவாகத் தொடங்கும் வடிவமைப்பு யாருக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. பெயர் தெரிந்த ஒருவருக்காக, அவருடைய ஒரு வேலைக்காகத் தொடங்குங்கள். அவர் எழுந்தது முதல் படுக்கும் வரை வேறு ஒருவரின் கை எங்கெல்லாம் குறுக்கிடுகிறது என்று அவருடைய ஒப்புதலோடு குறித்துக்கொள்ளுங்கள். தட்டை நகர்த்தித் தருவது, கீழே விழுந்த பேனாவை எடுத்துத் தருவது, பட்டையைச் சற்று இறுக்கிவிடுவது போன்ற சிறிய உதவிகள் வீட்டாருக்குப் பழகிப்போய், கேட்டால்கூட நினைவுக்கு வராது. நேரில் பார்த்தால்தான் தெரியும்.

அவர் பல்லைப் பயன்படுத்தும் இடங்களைக் குறிப்பாகக் கவனியுங்கள். கழுத்துப் பகுதியில் தண்டுவடக் காயம் பட்ட பலர் பட்டையின் நுனியைப் பல்லால் கவ்வி இழுப்பார்கள். பையின் ஜிப்பையும் அப்படியே திறப்பார்கள். அந்த இடத்தில் கையை நுழைக்க ஒரு வளையம் இருந்திருக்க வேண்டும், அதை யாரும் வைக்கவில்லை என்பதே அதன் பொருள். அத்தகைய ஒவ்வோர் இடமும் உங்கள் முதல் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

படி 2: உடலின் கணக்கை எடுங்கள்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எத்தனை கைகள் வேலைக்குக் கிடைக்கும் என்பது. இரு கைகளும் நல்ல வலுவோடு இருப்பவருக்கும், நெஞ்சுப் பகுதியின் மேல்மட்டத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தால், முன்னால் சாயும்போது உடலைத் தாங்க வயிற்றுத் தசைகள் உதவா. அவர் ஒரு முழங்கையை முதுகுச்சாய்வின் பின்னால் நாற்காலியைத் தள்ளுவதற்கு உள்ள கைப்பிடியில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு, மற்றக் கையால்தான் வேலை செய்வார். இரு கைகளால் ஒரே நேரத்தில் அழுத்தித் திறக்க வேண்டிய எந்தப் பூட்டும் அவருக்குப் பயன்படாது. இதை முழு விதியாகவே கொள்ளுங்கள்: ஒவ்வொரு செயலும் ஒரு கையால், அதுவும் எந்தக் கையாலும், முடிய வேண்டும்.

அடுத்தது பிடிப்பு. கழுத்துத் தண்டுவடத்தின் சி6 (ஆறாவது) மட்டத்தில் காயம் பட்டவர்களுக்கு விரல்களைத் தாமாக மடக்க முடியாது. ஆனால் மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்த முடியும். அப்படி உயர்த்தும்போது விரல்களின் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமே உள்நோக்கி மடங்கும். மணிக்கட்டைத் தளர்த்தினால் திறந்துகொள்ளும். இந்த மென்மையான பிடியை வைத்து அவர்கள் கரண்டி பிடிக்கிறார்கள், எழுதுகிறார்கள். மணிக்கட்டை உயர்த்தி, விரல்களை விரித்து, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தும் வகையில் ஒரு பூட்டை அமைத்தால் அந்தத் தசைநாண்கள் நாளடைவில் நீண்டு, இருக்கும் பிடியும் போய்விடும். எனவே அழுத்தும் செயல் தேவைப்பட்டால் முழங்கையாலோ, முன்கையாலோ, மடங்கிய கைமுட்டியாலோ செய்யும்படி அமையுங்கள்.

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவரின் நிலை வேறு. செயலிழந்த கையைத் தாங்குவதற்குத்தான் பலகை தேவை. ஆனால் அந்தப் பக்கத்தில் அதை மாட்டப்போவது எதிர்ப்பக்கத்துக் கை. அவர் உடலைக் குறுக்கே திருப்பி, தூரத்துப் பக்கத்தில் பலகையைச் செருகும் துளையைத் தேட வேண்டியிருக்கும். அவருக்குக் கழற்றும் பலகையைவிட, செயலிழந்த பக்கத்தில் நிலையாகக் கீல் வைத்து, மடியின் நடுப்பகுதி வரை நீளும் ஒரு பிடியைத் தூக்கினால் பக்கவாட்டில் சரிந்து தொங்கும் பலகையே பொருத்தமானது. தசைச்சிதைவு நோய் உள்ளவருக்கோ, இன்றைய வலு அடுத்த ஆண்டு இருக்காது என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

வலுவை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். பயணப் பெட்டியை எடை பார்க்கும் கையடக்கத் தொங்கு தராசு ஒன்று போதும். அதன் கொக்கியில் அகலமான வளையத்தை மாட்டி, அவர் வழக்கமாக இழுக்கும் திசையில் இழுக்கச் சொல்லுங்கள். காலையிலும், களைத்திருக்கும் மாலையிலும் எடுத்த அளவுகளில் குறைந்ததை எடுத்து, அதில் பாதியைத்தான் கருவி கேட்கலாம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல்தன்மைத் தரநிலை, கையால் இயக்கும் பாகங்களை ஒரு கையால், இறுகப் பிடிக்காமல், கிள்ளாமல், மணிக்கட்டைத் திருகாமல் இயக்க முடிய வேண்டும் என்றும், விசை 22.2 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. தராசில் அது ஏறக்குறைய 2.3 கிலோ. கட்டடங்களுக்காக எழுதப்பட்ட அந்த எல்லையைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள். கைவலு குன்றியவருக்கு அதுவே மிக அதிகம்.

எட்டும் எல்லையை அளக்க, அவருடைய இருபுறமும் அட்டைகளை நிறுத்தி, விரல்நுனி தொடும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். சாயாமல் எட்டும் எல்லை ஒன்று, முழங்கையைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு எட்டும் எல்லை இன்னொன்று என இரண்டு கோடுகள் வேண்டும். அன்றாடம் தொட வேண்டியவை அனைத்தும் முதல் கோட்டுக்குள் அமையட்டும்.

இந்த அளவெடுப்பில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) உடன் இருப்பது மிகவும் நல்லது. மருத்துவர் மேரி வர்கீஸின் உழைப்பால் வளர்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுப் பிரிவு, தென்காசி அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் இத்தகைய அனுபவம் நிறைய இருக்கிறது. இரண்டுமே சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்களின் முனைப்பால் உருவானவை.

படி 3: நாற்காலியின் இயல்பை அறியுங்கள்

1930களில் அமெரிக்காவில், சுரங்க விபத்தில் காயமுற்ற பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்டும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் உருவாக்கிய குறுக்குச்சட்ட மடக்கு நாற்காலியின் வழிவந்தவைதாம் இன்றும் நம் ஊர்களில் அதிகம் காணப்படுகின்றன. இருக்கையை மேலே இழுத்தால் இரு பக்கச் சட்டங்களும் ஒன்றையொன்று நெருங்கும். இதனால் இரு பக்கங்களையும் நிலையாக இணைக்கும் எந்தக் கருவியும் நாற்காலியை மடக்க விடாது. ஆட்டோவிலோ காரிலோ ஏற்ற முடியாத நாற்காலி வீட்டிலேயே முடங்கும். ஆகவே ஒரே பக்கத்தில் பொருத்தி, மறுபக்கம் சும்மா அமரும் அமைப்பையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். நாற்காலியின் மிக அகலமான இடம் கையால் தள்ளும் வளையங்கள். பழைய வீடுகளின் குளியலறைக் கதவு இரண்டரை அடி இருந்தாலும், நிலையும் கதவின் தடிமனும் போக மிஞ்சும் இடைவெளியில் நாற்காலி உரசிக்கொண்டுதான் நுழையும். வளையக் கோட்டுக்கு வெளியே நீளும் ஒரு போல்ட்டின் தலைகூட விரல் முட்டியைக் கிழிக்கும் அல்லது வழியை அடைக்கும். ஆனால் பின்சக்கரத்துக்கு முன்னால், காலின் பக்கவாட்டில், சட்டத்துக்கும் வளையக் கோட்டுக்கும் இடையே வீணாகக் கிடக்கும் ஓர் இடம் உண்டு. கழற்றிய பலகையைத் தொங்கவிட அதுவே ஏற்ற இடம். முன்சக்கரம் முழுவட்டமாகச் சுழலும்போது அங்கே தட்டாமல் இருக்கிறதா என்று மட்டும் சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.

அவர் எந்தப் பக்கமாகக் கட்டிலுக்கு மாறுகிறார் என்பதையும் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கை மெத்தையின் மேல்மட்டத்தைவிட உயர்ந்து நிற்கும் எந்தப் பொருத்தும் இருக்கக் கூடாது. உடலை நகர்த்தும்போது தொடை அதன்மேல் உரசும்; உணர்வற்ற தோல் கிழிந்ததே தெரியாமல் அது படுக்கைப்புண்ணாக மாறும்.

படி 4: கருவியை இரண்டாகப் பிரியுங்கள்

ஸ்பேனர் கொண்டு ஒருமுறை இறுக்கி அப்படியே விட்டுவிடும் நிலைப்பகுதி ஒன்று. அன்றாடம் எடுத்து மாட்டும் நகர்பகுதி மற்றொன்று. முதல் பகுதிக்குப் பிறருடைய உதவி தேவைப்படலாம். இரண்டாவதற்கு ஒருபோதும் தேவைப்படக் கூடாது. இந்தப் பிரிவினையைத் தெளிவாகச் செய்யாதவர்கள்தாம் இறுக்குத் திருகையும் இறக்கை நட்டையும் பயனரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

நிலைப்பகுதியை நாற்காலியின் சட்டத்தில் இரு துண்டுக் கிளாம்ப் கொண்டு பொருத்துங்கள்; சட்டத்தில் துளையிட வேண்டாம், அது குழாயைப் பலவீனமாக்கும். பெரும்பாலான சட்டங்கள் 22 அல்லது 25 மி.மீ. விட்டம் கொண்டவை; கிளாம்ப்புக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய ரப்பர் வையுங்கள். இரண்டு எம்6 (6 மி.மீ.) போல்ட்டுகளும், தாமாகத் தளராத நைலான் லாக் நட்டுகளும் போதும். கழற்றக்கூடிய கைத்தாங்கியில் பொருத்துவதைத் தவிருங்கள்: பலகையைத் தூக்கும்போது கைத்தாங்கியும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

படி 5: இணைப்பில் நேரம் செலவிடுங்கள்

நான் மிகவும் நம்பும் அமைப்பு இதுதான். நிலைப்பகுதியில் மேல்நோக்கித் திறந்த ஒரு செங்குத்துக் குழாய். பலகையின் அடியில் அதற்குள் இறங்கும் ஒரு தண்டு. குழாயின் வாய் 40 முதல் 45 மி.மீ. வரை புனல்போல் விரிந்திருந்தால், நடுங்கும் கையும் பார்க்காமலேயே தண்டை உள்ளே சேர்த்துவிடும். தண்டு 22 மி.மீ. என்றால் குழாயின் உள்விட்டம் 22.5 முதல் 23 மி.மீ. வரை இருக்கட்டும். அதைவிட இறுக்கமாக இருந்தால் மண்ணும் துருவும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். தளர்வாக இருந்தால் பலகை ஆடும். உள்ளே இறங்கும் நீளம் 80 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. குழாயின் அடியைத் திறந்தே விடுங்கள். மழைநீரும் தூசியும் தாமே வெளியேறும்.

பூட்டுக்குத் தனியாக எதுவும் வேண்டியதில்லை. தண்டின் பக்கத்தில் ஒரு சிறு குறுக்குமுளையையும், குழாயில் செங்குத்தாக இறங்கிக் கிடையாகத் திரும்பும் வெட்டையும் வையுங்கள். பலகை வெளிப்பக்கம் நோக்கி இருக்கும்போது முளை வெட்டின் வழியே கீழே இறங்கும். பலகையை முன்கையால் மடியின் மேல் திருப்பியதும் முளை வெட்டின் கிடைப்பகுதிக்குள் புகுந்துகொள்ளும். இனிப் பலகை மேலே எழாது. கழற்ற வேண்டுமானால் புறங்கையால் வெளியே தள்ளிவிட்டுத் தூக்கினால் போதும். திருப்புவது பலகையின் முழு நீளத்தையும் நெம்புகோலாகக் கொண்டு நடப்பதால் மணிக்கட்டைத் திருகும் தேவையே எழாது.

தூக்குவதற்கு 25 மி.மீ. நைலான் பட்டையில் நான்கு விரல்களும் நுழையும் வளையம் தையுங்கள். வெறும் பட்டை தட்டையாகப் படிந்துவிடும், பிடியற்ற விரல்களால் அதைத் தூக்கித் திறக்க முடியாது. ஆகவே தைக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டை வைத்து, வளையம் எப்போதும் திறந்தே நிற்கும்படி செய்யுங்கள்.

வலுவான காந்தங்கள் கவர்ச்சியான தீர்வாகத் தோன்றும். ஆனால் வயிற்றில் பாக்லோஃபென் பம்ப் (தசைவிறைப்பைக் குறைக்கும் மருந்தைச் செலுத்தும் கருவி), தலையில் காந்தத்தால் அளவு மாற்றக்கூடிய ஷன்ட் வால்வு (மூளையில் மிகுதியாகச் சேரும் நீரை வடிக்கும் குழாயின் வால்வு), நெஞ்சில் பேஸ்மேக்கர் போன்றவை பொருத்தப்பட்டவர்களிடம் அவற்றைத் தவிர்க்க வேண்டும். முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்தவர்கள் பலருக்கு ஷன்ட் இருக்கும் என்பதால், கேட்காமல் காந்தம் வைக்காதீர்கள்.

படி 6: பலகையின் அளவும் வலுவும்

முழுப் பலகை தேவையா என்று முதலில் கேளுங்கள். சாப்பிடவும், எழுதவும், போன் வைக்கவும் 400 × 300 மி.மீ. அரைப்பலகை பெரும்பாலும் போதும். 6 மி.மீ. பிளைவுட்டில் அது அரைக் கிலோவுக்குள் முடியும். தண்டையும் சேர்த்தால் முக்கால் கிலோ அளவில் நிற்கும். ஒரு கையால் தூக்குவதற்கு அது தாங்கக்கூடிய எடை.

தண்டைத் தேர்வு செய்வதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒருவர் நிலைதடுமாறி, தண்டிலிருந்து 300 மி.மீ. தள்ளியுள்ள ஓரத்தில் 15 கிலோ சுமையோடு சாய்ந்தால் ஏறக்குறைய 44 நியூட்டன் மீட்டர் வளைவிசை உண்டாகும். 12 மி.மீ. திண்மக் கம்பியில் அது சதுர மி.மீட்டருக்கு சுமார் 260 நியூட்டன் தகைவை, அதாவது உலோகத்தின் உள்ளே எழும் அழுத்தத்தை, தரும். சாதாரண இரும்பு அந்த இடத்தில் வளைந்துவிடும். 22 மி.மீ. விட்டமும் 1.6 மி.மீ. தடிமனும் கொண்ட குழாயில் அதே சுமை 90 அளவிலேயே நிற்கும். குழாய்தான் எடையும் குறைவு. கம்பி கைவசம் இருக்கிறது என்பதற்காக அதைப் போட்டுவிடாதீர்கள்.

பலகையின் அடிப்பாகத்துக்கும் தொடைக்கும் நடுவே குறைந்தது 50 மி.மீ. விடுங்கள். தசைவிறைப்பு வரும்போது முழங்கால் துள்ளி எழும். அந்த வேளையில் அளந்தால்தான் சரியான இடைவெளி தெரியும். மூன்று ஓரங்களில் 10 மி.மீ. வரம்பு வேண்டும், தட்டும் டம்ளரும் வழுக்காமல் இருக்கும். உடலை ஒட்டிய ஓரத்தில் மட்டும் வரம்பு வேண்டாம். முன்கை அங்கேதான் சாய்ந்திருக்கும், அதை நன்றாக உருட்டித் தேய்த்துவிடுங்கள்.

படி 7: கழற்றிய பின், விழுந்த பின்

தொங்கவிடும் இடத்திலும் அதே புனல்வாய்க் கொக்கி இருக்கட்டும். ஒரே கையசைவு இரண்டு இடங்களிலும் பயன்பட்டால் பழகுவது எளிது. கைதவறி விழக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறு வேண்டும். அடையாள அட்டைக்குப் பயன்படும் சுருள்கயிறு போன், பேனா, சாவி ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது. கயிறு முழுதாக நீண்டாலும் பின்சக்கரக் கம்பிகளையோ முன்சக்கரத்தையோ எட்டாத இடத்தில் அதன் மறுமுனையைக் கட்டுங்கள்.

படி 8: விட்டுக்கொடுக்கக் கூடாத பாதுகாப்பு

டி6 (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு, உணர்வற்ற பகுதியில் ஏற்படும் இறுக்கமோ, மடங்கிய சிறுநீர்க் குழாயோ இரத்த அழுத்தத்தைத் திடீரென ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும். கடும் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை ஆகியவை அதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் காரணத்தை உடனே நீக்குவதே முதலுதவி. எனவே நெஞ்சுப்பட்டையோ இடுப்புப்பட்டையோ எதுவாயினும், அவராகவே ஓர் இழுப்பில் தளர்த்த முடிய வேண்டும். இங்கே தற்சார்பு என்பது வசதி தொடர்பானது மட்டுமன்று, உயிர் தொடர்பானதும்கூட. வெல்க்ரோ பட்டையின் நுனியில் கட்டைவிரல் நுழையும் வளையம் ஒன்றைத் தைத்துவிட்டால் இது எளிதாக முடியும்.

வெயிலில் நின்ற உலோகப் பலகையும், மடியில் நேரடியாக வைத்த மடிக்கணினியும் உணர்வற்ற தோலைச் சுட்டுவிடும். போல்ட்டின் முனை எதுவும் உட்பக்கம் நீளக் கூடாது. முதுகுச்சாய்வில் கனமான பை தொங்கினால் சாய்தளம் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும்; பயனர் கட்டிலுக்கு மாறிய கணத்திலும் கவிழலாம். சுமையை இருக்கையின் அடியில், அச்சுக்கு அருகே வைப்பதே சரி. நாற்காலியில் அமர்ந்தபடியே வாகனத்தில் செல்பவர், பலகையைக் கழற்றித் தனியே கட்டிவைக்க வேண்டும்; நிமிர்ந்து அமர உதவும் பட்டை விபத்தில் காக்கும் பட்டையாகாது.

பிற கருவிகளுக்கும் இதே வரிசை

பிரேக் நெம்புகோலின் மேல் 100 முதல் 150 மி.மீ. குழாயைச் செருகினால் விசை கணிசமாகக் குறையும். ஆனால் பழைய பழக்கத்தில் அதே வலுவோடு இழுத்தால் பிரேக்கின் கிளாம்ப் நழுவும், தகடு வளையும். ஆகவே பயனர் புதிய அளவுக்குப் பழக வேண்டும். நீட்டிய குழாய் கட்டிலுக்கு மாறும் வழியை அடைப்பதால், அவரே உருவி எடுக்கும்படி தளர்வாகவும், தொலையாதபடி கயிறு கட்டியும் இருக்க வேண்டும்.

காலில் கட்டும் யூரின் பேக்கைத் தானே காலி செய்வது பலருக்குத் தற்சார்பின் மிகப் பெரிய படி. அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் வடிவமைப்பாளர்கள் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். திருகும் அடைப்புக்குப் பதிலாகப் புரட்டித் திறக்கும் வால்வு உள்ள பையைத் தேர்ந்து, அந்த நெம்புகோலில் முழங்கால் உயரம் வரை வரும் இழுகயிற்றையும் வளையத்தையும் இணையுங்கள். குழாயை வெட்டவோ புது இணைப்புச் சேர்க்கவோ வேண்டாம். தொற்று அங்கேதான் நுழையும். திறக்க ஒன்று, மூட ஒன்று என இரண்டு வளையங்கள் வேண்டும், தொட்டுணர்ந்தே வேறுபாடு தெரிய வேண்டும்.

படி 9: அட்டையில் தொடங்கி, ஒதுங்கி நின்று சோதியுங்கள்

முதல் மாதிரியை அட்டையில் செய்யுங்கள். பேனாவைப் பயனரிடமே கொடுத்து, வெட்ட வேண்டிய கோட்டை அவரை வரையச் சொல்லுங்கள். இரண்டாவது மாதிரி மலிவான பிளைவுட்டும் பி.வி.சி. குழாயும் கொண்டதாக இருக்கட்டும். இரும்பைத் தொடுவது அதற்குப் பிறகே.

சோதனையின்போது உதவுபவர்கள் அறையில் இருக்கக் கூடாது, நீங்களும் கை நீட்டக் கூடாது. எடுத்தல், மாட்டுதல், பயன்படுத்துதல், கழற்றுதல், வைத்தல் என்ற முழுச் சுற்றும் அவரால் முடிகிறதா என்று பாருங்கள். ஈரக் கையோடு, களைத்த மாலையில், மங்கிய வெளிச்சத்தில், தசைவிறைப்பு வந்து அடங்கிய உடனே என வெவ்வேறு நிலைகளில் மீண்டும் பாருங்கள். வேண்டுமென்றே ஒருமுறை கீழே போடச் சொல்லி, மீட்க முடிகிறதா என்றும் பாருங்கள். எங்காவது அவர் தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள். "பழகிவிடும்" என்று சொல்லித் தயக்கத்தை மூடிவிடாதீர்கள்.

பிறகு கருவியை அவரிடமே விட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்துச் செல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட கைச்சக்கர நாற்காலி வழிகாட்டுதல்கள் சேவையை எட்டுப் படிகளாகப் பிரித்து, தொடர்கண்காணிப்பையும் பராமரிப்பையும் பழுதுநீக்கத்தையும் எட்டாவதாக வைத்தன. துணைக்கருவிக்கும் அது பொருந்தும். கிளாம்ப் நழுவியிருக்கிறதா, தொடையிலோ முன்கையிலோ சிவந்த தடம் இருக்கிறதா, குறுக்குமுளை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கருவி மூலையில் கிடந்தால், அதை ஏன் கைவிட்டார் என்பதை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொண்டு, படி 2இல் எடுத்த அளவுகளை மீண்டும் எடுங்கள்.